யானை நடந்ததற்கு வருமானம் எழுதலாமா?



வருஷக் கடைசிக் கணக்கு, ஆடிட், அது இது என்று மூச்சு முட்டிக் கிடந்ததில் இங்கே எழுதி மூன்று மாதம் ஆகிவிட்டது. இன்றைக்கு எழுதப்போவது கொஞ்சம் வறட்டு விஷயம் போலத் தோன்றும். கணக்கு சமாச்சாரம். ஆனால் வளைகுடாவில் இருக்கிற நம் ஆட்களில் பல வீடுகளில் யாராவது ஒருவர் ரிக், கப்பல், கடலடிக் குழாய் என்று கடலுக்குள் வேலை செய்கிற கம்பெனியில் சம்பளம் வாங்குகிறார். அதனால் ஒரு டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். நடுவில் யானை எல்லாம் வரும்.

என் சித்தப்பா பையன் ஒருவன் அப்படித்தான். கடலில் இருக்கும் எண்ணெய் மேடைகளுக்குக் கப்பலும் ஆளும் அனுப்புகிற கம்பெனியில் டெக்னீஷியன். 28 நாள் கடல், 28 நாள் கரை. போன மாதம் கரைக்கு வந்ததும் போன் பண்ணினான்.

"அண்ணே, எங்க கம்பெனிக்கு அஞ்சு வருஷ காண்ட்ராக்ட் கிடைச்சிருக்கு. ஆபீஸ்ல கேக் எல்லாம் வெட்டுனாங்க. இந்த வருஷம் வருமானம் எகிறிடுச்சுன்னு மெயில் அனுப்பியிருக்காங்க. ஆனா சம்பளம் ரெண்டு மாசமா லேட்டு. வருமானம் எகிறினா காசு எங்கண்ணே போச்சு?"

பாங்கில் கடன் பிரிவில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். இதைவிட நல்ல கேள்வியை எந்தக் கமிட்டியிலும் யாரும் கேட்டதில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே வாரம் என் மேஜைக்கும் அதே ஜாதி கம்பெனி ஒன்றின் (அவன் கம்பெனி இல்லை, வேறு) ஃபைல் வந்திருந்தது. லிமிட்டைக் கூட்டிக் கேட்டிருந்தார்கள். லாப நஷ்டக் கணக்கு ஜோராக இருந்தது. ரொக்க ஓட்ட அறிக்கைதான் இளைத்துப் போயிருந்தது.

அவனுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. "யோசிச்சு சொல்றேன்டா" என்று வைத்துவிட்டேன். யோசித்தபோது நினைவுக்கு வந்தது நான் படித்த பி.காம். புத்தகம் இல்லை. எங்கள் ஊர்தான். தங்கவயல்.

கோலார் தங்கவயல் என்றால் இப்போது எல்லோருக்கும் சினிமாதான் ஞாபகம் வருகிறது. அதை விடுங்கள். எங்கள் ஊருக்கு இன்னொரு பெருமை உண்டு. 1902 ஜூன் 30-ம் தேதி காவிரியிலிருந்து கிளம்பிய மின்சாரம் 92 மைல் கம்பியில் ஓடிவந்து எங்கள் ஊர்ச் சுரங்கங்களுக்குச் சேர்ந்தது. பெங்களூர்த் தெருவுக்கு மின்விளக்கு வந்ததே 1905 ஆகஸ்டில்தான். தலைநகருக்கு மூன்று வருஷம் முன்னால் சுரங்கத்துக்குக் கரண்ட்!

ஏன் என்று கேட்டால், அதுதான் காண்ட்ராக்ட். வாங்குகிறவன் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விற்கிறவன் கம்பி இழுத்தான்.

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து சொல்கிறேன். 1880-களில் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தில் சாம்பியன் ரீஃப் தங்க நரம்பு அகப்பட்டது. அதன்பிறகு மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்று கம்பெனிகள் வரிசையாகக் கீழே இறங்கின. இறங்க இறங்கத் தண்ணீர் இறைக்கணும், காற்று அனுப்பணும், கூண்டை ஏற்றி இறக்கணும், மேலே வந்த கல்லை மாவாக இடிக்கணும். எல்லாம் நீராவி. நீராவிக்கு விறகும் நிலக்கரியும். சுற்றிலும் இருந்த காடு பாய்லருக்குள் போனது. நிலக்கரி தூரத்திலிருந்து ரயிலில் வரணும். ஒரு டன் கல் இடிக்க ஆகும் செலவில் எரிபொருள் பெரும்பங்கைத் தின்றுகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் மைசூர் திவானாக இருந்தவர் சர் கே. சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுத் தமிழர். சிவசமுத்திரத்தில் காவிரி ககனசுக்கி, பரசுக்கி என்று இரண்டாகப் பிரிந்து சும்மா விழுந்துகொண்டிருந்தது. ராயல் எஞ்சினியர்ஸைச் சேர்ந்த ஜோலி டி லாட்பினியர் என்ற கனடாக்காரர் அதிலிருந்து மின்சாரம் எடுத்துத் தங்கவயலுக்கு அனுப்பலாம் என்று திட்டம் போட்டார். மின் எந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இருந்து, டர்பைன்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸில் இருந்து. 720 கிலோவாட் வீதம் ஆறு ஜெனரேட்டர். கம்பியில் 35,000 வோல்ட் வரை. அன்றைக்கு உலகத்திலேயே நீளமான மின்பாதைகளில் அது ஒன்று. ரயில் போகாத காட்டுப் பாதையில் யானைகளையும் வண்டிகளையும் வைத்து இரும்புச் சாமான்களை அருவிக்கரைக்குக் கொண்டுபோனார்கள்.

இவ்வளவு பணத்தையும் மைசூர் அரசாங்கம் போட்டது. எந்தத் தைரியத்தில்? சுரங்கக் கம்பெனிகள் 4,000 குதிரைத்திறன் மின்சாரத்தைப் பத்து வருஷத்துக்கு வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருந்தன. விலை யூனிட் கணக்கில் இல்லை. ஒரு குதிரைத்திறனுக்கு வருஷத்துக்கு இத்தனை பவுன். முதல் வருஷம் ரேட் ரொம்ப அதிகம், அப்புறம் படி இறங்குகிற மாதிரி குறைந்துகொண்டே போகும்.

வாடிக்கையாளர் கண் முன்னால் இருக்கும் காண்ட்ராக்ட், முழுக்க முழுக்க அவருக்காகவே வாங்கிய எந்திரம், தூரத்து இடத்துக்குக் கொண்டு போய் நிறுத்துகிற செலவு, சரக்கின் அளவுக்கு இல்லாமல் "தயாராக இருப்பதற்கு" வருகிற காசு. இன்றைக்குக் கடலில் ரிக் வாடகைக்கு விடுகிறவன் செய்வது அச்சாக இதே தொழில்தான். கடலுக்குப் பதிலாக காவிரி, அவ்வளவுதான். அதனால்தான் சொல்கிறேன், தம்பியின் கேள்விக்குப் பதில் எங்கள் ஊரில் இருக்கிறது.

சரி, இப்போது கணக்கு. பயப்படாதீர்கள், நாலு வரிதான்.

நான் தொண்ணூறுகளின் கடைசியில் படித்தபோது இந்தியாவில் வருமானத்துக்கு ஏ.எஸ். 9, கட்டுமான காண்ட்ராக்டுக்கு ஏ.எஸ். 7. உலக அளவில் ஐ.ஏ.எஸ். 18, ஐ.ஏ.எஸ். 11. இரண்டு ரூல், இரண்டு மனசு. கப்பல், ரிக் மாதிரி கம்பெனிகள் எந்த ரூல் சௌகரியமோ அதில் ஏறி உட்காரும். 2014 மே மாதம் லண்டன்காரர்களும் அமெரிக்கர்களும் சேர்ந்து ஒரே ரூலாக வெளியிட்டார்கள். அதுதான் ஐ.எஃப்.ஆர்.எஸ். 15. நடைமுறைக்கு வந்தது 2018 ஜனவரி 1. இந்தியாவில் அதையே இண்ட் ஏ.எஸ். 115 என்று 2018 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்தார்கள்.

அதன் சாரம் இதுதான். வாடிக்கையாளரிடம் என்ன வாக்குக் கொடுத்தாய் என்று முதலில் பார். எத்தனை வாக்கு என்று பிரி. மொத்த விலை என்ன, அதை அந்த வாக்குகளுக்கு எப்படிப் பங்கு போடுவது என்று முடிவு செய். எந்த வாக்கை எப்போது நிறைவேற்றினாயோ அப்போது அந்த அளவுக்கு மட்டும் வருமானம் எழுது. பில் போட்ட தேதியும் முக்கியமில்லை, காசு வந்த தேதியும் முக்கியமில்லை. வாக்கு நிறைவேறிய தேதிதான் முக்கியம்.

இதை வைத்துக்கொண்டு யானையைப் பார்ப்போம்.

யானை சிவசமுத்திரத்துக்கு ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு போகிறது. செலவு ஆகிறது. பாகனுக்குச் சம்பளம், யானைக்குத் தீனி. இந்த நடைக்குச் சுரங்கக் கம்பெனி தனியாகக் காசு கொடுத்திருந்தால் (கொடுத்தது என்று சொல்லவில்லை, ஒரு பேச்சுக்கு) அதை அன்றைக்கே வருமானம் என்று எழுதலாமா? கூடாது. யானை நடந்ததால் தங்கவயலில் ஒரு பம்பும் ஓடவில்லை. வாடிக்கையாளர் கேட்டது யானை நடையை இல்லை, மின்சாரத்தை. எனவே அந்தக் காசைக் கணக்கில் "கொடுக்க வேண்டிய வேலை பாக்கி" என்று நிறுத்தி வைத்து, கரண்ட் ஓடும் பத்து வருஷத்துக்கும் பிரித்துப் பிரித்து வருமானமாக எடுக்கணும். செலவையும், காண்ட்ராக்டில் இருந்து அது திரும்பி வரும் என்ற நம்பிக்கை இருந்தால், அப்படியே சொத்தாக வைத்துப் பிரிக்கலாம்.

கடல் தொழிலில் இந்த யானைக்குப் பெயர் மொபிலைசேஷன். சிங்கப்பூரில் நிற்கும் ரிக்கை இழுத்துக்கொண்டு வளைகுடாவுக்கு வர வாடிக்கையாளர் ஒரு பெரிய தொகை கொடுப்பார். கையில் காசு வந்துவிட்டது, சரி. ஆனால் வருமானம் வரவில்லை. அதை ஐந்து வருஷத்துக்கும் பரப்பணும். கம்பெனிக்காரர்களுக்கு அது பிடிக்காது. முதல் வருஷமே மொத்தத்தையும் எழுதினால் கேக் பெரியதாக வெட்டலாம் பாருங்கள்.

இரண்டாவது, படி இறங்கும் ரேட். ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன், உண்மை ரேட் இல்லை. முதல் வருஷம் ஒரு குதிரைத்திறனுக்கு 100, அடுத்த நாலு வருஷம் 60, கடைசி ஐந்து வருஷம் 40 என்று வையுங்கள். மொத்தம் 540. பத்து வருஷமும் கொடுப்பது அதே 4,000 குதிரைத்திறன், அதே மின்சாரம். அப்படியென்றால் வருஷத்துக்கு வருமானம் 54. முதல் வருஷம் 100 வசூலித்தாலும் 54-தான் வருமானம், மிச்சம் 46 வாடிக்கையாளருக்கு நீ பட்டிருக்கும் கடன். காசுக் கடன் இல்லை, வேலைக் கடன். இதற்கு ஒப்பந்தப் பொறுப்பு என்று பெயர். ஐந்தாம் வருஷக் கடைசியில் அந்தக் கடன் 70 ஆகும். கடைசி ஐந்து வருஷம் 40 வாங்கி 54 எழுதி, வருஷம் 14 வீதம் கழித்து, பத்தாவது வருஷம் சைபர். போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

இதில் ஒரு விலக்கும் உண்டு. சந்தையில் மின்சாரத்தின் மதிப்பே குறைந்துகொண்டு போகிறது, அதனால்தான் ரேட்டும் குறைகிறது என்று நிரூபித்தால் பில் போட்டபடியே எழுதலாம். நிரூபிக்கணும். மைசூர் விஷயத்தில் நிரூபிக்க முடியுமா? எனக்கென்னவோ முதல் வருஷ ரேட்டுக்குள் அரசாங்கம் போட்ட முதலின் ஒரு பங்கு ஒளிந்திருந்தது என்றுதான் படுகிறது. ஆடிட்டராக இருந்தால் 54-தான் எழுத விடுவேன்.

அந்தக் காலத்து அரசாங்கம் இதையெல்லாம் யோசித்திருக்காது. அரசாங்கக் கணக்கு ரொக்கக் கணக்கு. வந்த அன்று வரவு, போன அன்று செலவு. இந்தியாவில் அரசாங்கக் கணக்குகள் இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். முதல் சில வருஷம் மின்சார இலாகாவின் வரவு அமோகமாகத் தெரியும். படி இறங்க இறங்க, "என்னப்பா தொழில் படுத்துவிட்டதா" என்று யாராவது கேட்பார்கள். தொழில் அப்படியேதான் இருக்கும். கணக்கு எழுதும் முறைதான் ஏமாற்றும்.

மூன்றாவதாக ஒன்று, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கோடை.

சிவசமுத்திரத்தில் அப்போது அணை கிடையாது. ஓடுகிற ஆற்றில் இருந்து தண்ணீரை எடுத்து விட்டார்கள். கோடையில் ஆறு இளைத்தால் கரண்டும் இளைக்கும். சுரங்கம் இளைக்குமா? கோடையிலும் கீழே தண்ணீர் ஊறும், ஆள் மூச்சு விடணும். கம்பெனிகள் இன்னும் அதிக மின்சாரம் கேட்டன, அதுவும் வருஷம் முழுக்க ஒரே சீராக. 1909-ல் தலைமைப் பொறியாளராக வந்த விஸ்வேஸ்வரய்யா கண்ணம்பாடியில் அணை கட்டணும் என்று வாதாடியதில் பாசனம் ஒரு காரணம் என்றால், தங்கவயலுக்குத் தடையில்லாத மின்சாரம் இன்னொரு காரணம். 1911-ல் வேலை தொடங்கியது. இன்றைக்குக் காவிரிச் சண்டையில் அடிபடும் கிருஷ்ணராஜ சாகர் அணைக்குப் பின்னால் ஒரு சுரங்கக் கம்பெனியின் மின்சார காண்ட்ராக்டும் நிற்கிறது என்பது நம் ஆட்கள் பல பேருக்குத் தெரியாது.

இதைக் கணக்கு மொழியில் சொன்னால் "மாறும் விலை". காண்ட்ராக்டில் நாள் வாடகை எழுதியிருக்கும். ஆனால் எந்திரம் பழுதானால் அன்றைக்கு வாடகை சைபர், தாமதமானால் அபராதம், நன்றாக ஓடினால் போனஸ். இதையெல்லாம் எவ்வளவு வருமானமாக எதிர்பார்க்கலாம்? ஐ.எஃப்.ஆர்.எஸ். 15 சொல்வது: பின்னால் பெரிய அளவில் திருப்பி எழுத வேண்டிவராது என்று அழுத்தமாக நம்ப முடிகிற அளவுக்கு மட்டும் எழுது. வாசகத்தைப் படித்தால் வக்கீல் பாஷை. விஷயம் என்னவோ, ஏப்ரல் மாத ஆற்றைப் பார்த்து ஆகஸ்ட் மாதக் கணக்கு எழுதாதே என்பதுதான்.

இதுவரைக்கும் காசு முன்னால் வந்து, வேலை பின்னால் நடக்கிற கதை. அதில் பெரிய ஆபத்து இல்லை. தம்பி கம்பெனியின் வியாதி இதற்கு நேர் எதிர். வேலை முடிந்துவிட்டது என்று வருமானம் எழுதிவிட்டார்கள், காசு வரவில்லை. பில்லே போடவில்லை. அதற்கும் எங்கள் ஊரில் கணக்கு இருக்கிறது. அது என் வீட்டுக் கணக்கு.

எங்கள் தாத்தா குடியாத்தம் பக்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர். தங்கவயலில் பாதிப்பேர் வட ஆற்காடு, சித்தூர், சேலம், தர்மபுரி என்று வந்தவர்கள்தானே. தாத்தா சுரங்கத்துக்குள் ஒரு காண்ட்ராக்டரிடம் துளை போடும் கூட்டத்தில் இருந்தார். சம்பளம் நாள் கணக்கு இல்லை, அடிக் கணக்கு. பாறைக்குள் எத்தனை அடி முன்னேறினார்களோ அத்தனைக்குக் காசு. மாதக் கடைசியில் அளவு எடுக்க ஆள் வருவார். அவர் டேப் வைத்து அளந்து எழுதினால்தான் அடி. அளக்காத அடி அடி இல்லை.

தாத்தாவிடம் ஒரு சின்ன நோட்டு இருந்தது. பென்சிலில் எழுதியது. தேதி, எத்தனை அடி, யார் யார் கூட இருந்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் மாத நடுவில் ஒரு கோடு இழுத்து, "விழுந்து போச்சு" என்று எழுதியிருக்கும். ஏர் பிளாஸ்ட். பாறை அழுத்தம் தாங்காமல் வெடிப்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் யாருக்கும் உயிர் போகவில்லை. ஆனால் இருபது நாளாகக் குடைந்த இடம் மூடிக்கொண்டது. அளவுக்கு வந்தவர் பார்த்தது கல் குவியல். இருபது நாள் உழைப்புக்குக் காண்ட்ராக்டர் ஒரு காசு கொடுக்கவில்லை. "அளந்தாதானே எனக்கே அவங்க கொடுப்பாங்க" என்றாராம். அந்த மாதம் ஆயா தன் கம்மலை அடகு வைத்ததை எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருக்கிறாள்.

தாத்தா அந்த அடிகளை அடிக்கவில்லை. கோடு மட்டும்தான் போட்டார். அவர் நோட்டுப்படி அது நடந்த வேலைதான். காண்ட்ராக்டர் நோட்டுப்படி அது இல்லவே இல்லை.

செய்து முடித்து, இன்னும் பில் போடும் உரிமை வராத வேலைக்கு இன்றைய பெயர் ஒப்பந்தச் சொத்து. தாத்தாவின் இருபது நாள் அதுதான். பில் போட்டாகிவிட்டது, நாள் கணக்குதான் பாக்கி என்றால் அது வரவேண்டிய கடன். இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஒன்று இல்லை. முதலாவதுக்கு இன்னும் ஒரு மனிதர் டேப்போடு வந்து அளக்கணும்.

கடல் வேலையிலும் அப்படியே. குழாய் பதிப்பு 60 சதவீதம் முடிந்தது என்று கம்பெனி தன் எஞ்சினியரை வைத்து மதிப்பிட்டு வருமானம் எழுதிவிடும். வாடிக்கையாளரின் எஞ்சினியர் 45 சதவீதம்தான் என்பார். நடுவில் இருக்கும் 15 சதவீதம் ஒப்பந்தச் சொத்து என்ற தலைப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். கூடவே "நீங்கள் சொன்ன மாற்றத்தால் எங்களுக்குக் கூடுதல் செலவு, அதையும் தரணும்" என்கிற கோரிக்கை. அதையும் சிலர் வருமானத்தில் சேர்ப்பார்கள். ஒரு வருஷம் படுத்திருக்கும், இரண்டு வருஷம் படுத்திருக்கும். திடீரென்று ஒருநாள் ஏர் பிளாஸ்ட்.

பெயர் சொல்லியே ஓர் உதாரணம் தரலாம். இங்கிலாந்தின் கேரிலியன். கட்டுமானமும் சேவை காண்ட்ராக்டும் எடுக்கிற கம்பெனி. வளைகுடாவிலும் வேலைகள் எடுத்திருந்தது. 2017 ஜூலையில் காண்ட்ராக்டுகளில் 845 மில்லியன் பவுன் தேறாது என்று ஒரே அறிவிப்பில் சொன்னார்கள். 2018 ஜனவரி 15-ம் தேதி கம்பெனி மூடும் நிலைக்குப் போய்விட்டது. நடுவில் ஆறு மாதம்தான். அந்த 845 மில்லியனில் ஒரு பகுதி முந்தைய வருஷங்களில் வருமானம் என்று எழுதி, அதன் மேல் டிவிடெண்டும் கொடுத்த தொகை.

தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான். "காசு எங்கேயும் போகலடா. இன்னும் வரவே இல்ல. உங்க கம்பெனி ஆண்டறிக்கை வெளியிடுதுன்னா எடுத்துப் பாரு. ஒப்பந்தச் சொத்துன்னு ஒரு வரி இருக்கும். போன வருஷத்தோட பக்கத்துல வச்சுப் பாரு. வருமானம் பத்து பங்கு ஏறி அது நாப்பது பங்கு ஏறியிருந்தா, உன் சம்பளம் அங்கதான் நிக்குது."

"அந்த அஞ்சு வருஷ காண்ட்ராக்ட் நல்லதுதானேண்ணே?"

அதற்கும் அறிக்கையில் ஒரு குறிப்பு இருக்கும். இன்னும் நிறைவேற்ற வேண்டிய வேலையின் மதிப்பு இவ்வளவு என்று. பத்திரிகைகளில் ஆர்டர் புக் என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். அதைப் பார்க்கும்போது நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். வாடிக்கையாளர் தன் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியுமா, வாடிக்கையாளர் எத்தனை பேர்.

மைசூர் மின்சாரத்துக்கு ஆரம்பத்தில் வாடிக்கையாளர் ஒரே ஊர். அதிர்ஷ்டம், அந்த ஊர் நூறு வருஷம் தாங்கியது. ஆரம்ப காலத்தில் ஒரு டன் கல்லில் நாற்பது கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது என்பார்கள், கடைசியில் மூன்று நாலு கிராம்தான். 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962-ல் மத்திய அரசு, 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம். சாம்பியன் ரீஃபில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போய்விட்டார்கள். அவ்வளவு ஆழத்தில் இருந்து தூக்க, குளிர்விக்க, இறைக்க ஆகும் செலவு எங்கே, மூன்று கிராம் எங்கே! 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடினார்கள். நான் அப்போதுதான் பி.காம். முடித்து பாங்க் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா கடைசி ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்திருந்தார்.

அதற்கு முன்பே மின்சாரம் வேறு ஊர்களுக்கும் போகத் தொடங்கி ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. பெங்களூர், மைசூர் என்று வாடிக்கையாளர் பெருகியதால் தங்கவயல் மூடியது காவிரிக் கரையில் யாருக்கும் உறைத்திருக்காது. ஒரே வாடிக்கையாளரை நம்பியவர்கள் நாங்கள்தான்.

என் மேஜைக்கு வந்த ஃபைல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒப்பந்தச் சொத்தில் எது எத்தனை மாதமாக நிற்கிறது என்று வயதுவாரியாகப் பட்டியல் கேட்டேன். வாடிக்கையாளரின் எஞ்சினியர் கையெழுத்திட்ட அளவுத் தாள்களைக் கேட்டேன். பட்டியல் வந்தது, தாள்களில் பாதி வரவில்லை. வந்த பாதிக்கு மட்டும் லிமிட் கொடுக்கலாம் என்று எழுதினேன். மேலதிகாரி கூப்பிட்டு, "ஆடிட்டரே சரின்னு கையெழுத்துப் போட்டிருக்காரே, உங்களுக்கு என்ன சார் சந்தேகம்?" என்றார். ஆயாவின் கம்மல் கதையை அவரிடம் சொல்லவா முடியும்? "அளவு வரட்டும் சார்" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். ஃபைல் இன்னும் கமிட்டியில் இருக்கிறது. அந்தக் கம்பெனியிலும் நம் ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். லிமிட் தாமதமானால் முதலில் தாமதமாவது அவர்கள் சம்பளம்தான் என்பதும் தெரியும். கையெழுத்துப் போட்ட அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

தம்பிக்கு ஒரு மாதச் சம்பளம் வந்துவிட்டதாம், ஒன்று பாக்கி. ஆண்டறிக்கையை இறக்கி வைத்திருக்கிறான். அடுத்த தடவை கரைக்கு வரும்போது இரண்டு பேரும் உட்கார்ந்து குறிப்புகளைப் படிப்பதாகப் பேச்சு. "உன் வேலை நேரத்தை, எந்த மேடையில என்ன வேலைங்கறதை ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கோ" என்றேன். "போன்ல எழுதுறேண்ணே" என்றான். சரி, காலம்.

கொசுறு: சிவசமுத்திரத்தில் இருந்து முதலில் வந்தது 25 சைக்கிள் மின்சாரம். இன்றைக்கு நாம் வீட்டில் பயன்படுத்தும் 50-ல் பாதி. மோட்டார் ஓட அது போதும், விளக்குக்குச் சரிப்படாது, லேசாகத் துடித்துக்கொண்டே இருக்கும். மின்சாரம் வந்து பல வருஷம் கழித்தும் எங்கள் லைன் வீட்டில் சிம்னி விளக்குதான் என்று ஆயா சொல்வாள். பங்களா பக்கம் போனால் விளக்கு கண் சிமிட்டுவதை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார்களாம். "அதுக்கும் கண்ணு கூசுது போல" என்று தாத்தா சொன்னாராம்.